பூக்களின் ஆதியைத் தேடிய கன்னட எழுத்தாளர்

பூக்கும் தாவரங்களில் இன்று ஏறத்தாழ மூன்று லட்சம் இனங்கள் இருக்கின்றன. நெல்லும் வேம்பும் மல்லிகையும் தென்னையும், வேலியோரத்துப் பார்த்தீனியமும் இதில் அடக்கம். இவை அத்தனைக்கும் சேர்த்து ஒரே குலமரம் வரைந்தால், அடித்தண்டிலிருந்து முதலில் பிரிகிற கிளைகள் மூன்று. முதல் கிளையில் ஒரே ஒரு செடிதான் மிஞ்சியிருக்கிறது. அதன் பெயர் அம்பொரெல்லா. பசிபிக் பெருங்கடலில் உள்ள நியூ கலிடோனியா தீவின் மழைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. இரண்டாவது கிளை நம் குளத்து அல்லியின் குடும்பம். மூன்றாவதில் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் காடுகளில் படரும் ஆஸ்ட்ரோபெய்லியா என்ற கொடி இருக்கிறது. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவும் அதன் உறவுதான்.

இந்த வரிசை 1999-ல்தான் தெளிவானது. செடிகளின் மரபணுக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த பல ஆய்வுக் குழுக்கள், தனித்தனியாக வேலை செய்தும், ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, மரபணுவை வாசிக்கும் வசதி எதுவும் இல்லாத காலத்தில், அம்பொரெல்லாவையும் ஆஸ்ட்ரோபெய்லியாவையும் மெல்லிய சீவல்களாக அறுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, விரிவாக எழுதி வைத்தவர்கள் இருவர். ஒருவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இர்விங் பெய்லி. மரக்கட்டையின் உள்ளமைப்பைப் படிப்பதில் அவர் காலத்தில் அவருக்கு இணையாகச் சொல்லத்தக்கவர்கள் குறைவு. மற்றவர் பெங்களூரிலிருந்து போன முப்பது வயது இளைஞர், பி.ஜி.எல். சுவாமி.

கர்நாடகத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலோர் ஆய்வுக் கட்டுரையை நினைக்க மாட்டார்கள். 'ஹசுரு ஹொன்னு' என்ற புத்தகத்தைத்தான் நினைப்பார்கள். தலைப்புக்குப் பச்சைப் பொன் என்று பொருள். 1978-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் அது. நகைச்சுவையும் தாவர அறிவும் ஒன்றில் ஒன்று கலந்த அப்படியொரு உரைநடை கன்னடத்தில் அதற்கு முன் இருந்ததில்லை என்று கன்னட வாசகர்கள் சொல்வார்கள். தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்தப் புத்தகத்தில் ஆசிரியரோடு காட்டுக்குள் அலையும் மாணவர்கள் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர்கள். சுவாமி தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை மெரினா கடற்கரைக்கு எதிரே உள்ள அந்தக் கல்லூரியில்தான் கழித்தார். தாவரவியல் துறைத் தலைவராக இருந்து, பின்னர் கல்லூரி முதல்வராகவும் ஆனார். நம் ஊரில் அவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறந்தது 1918-ல். தந்தை டி.வி. குண்டப்பா, கன்னடர்கள் 'டிவிஜி' என்று மரியாதையோடு குறிப்பிடும் கவிஞர், இதழாளர், சிந்தனையாளர். அவருடைய 'மங்குதிம்மன கக்க' இன்றும் கன்னட வீடுகளில் மனப்பாடமாக ஒலிக்கிறது. டிவிஜிக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அப்பனும் பிள்ளையும் இருவருமே அந்த விருதைப் பெற்ற வீடு அது. ஆனால் மகன் தந்தையின் வழியில் நடக்கவில்லை. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் தாவரவியல் படித்தார். இளம் வயதிலேயே ஆர்க்கிட் செடிகளின் கருவியலில் இறங்கினார்.

ஆர்க்கிட் விதை விசித்திரமானது. மாவுத் தூள்போல இருக்கும். ஒரே காய்க்குள் பத்து லட்சத்துக்கும் மேல் விதைகள் கொண்ட ஆர்க்கிட்கள் உண்டு. ஒரு நெல்மணியை எடுத்தால் அதில் முளைக்கு வேண்டிய உணவும் கூடவே இருக்கிறது. நாம் சோறாக உண்பது அந்த உணவைத்தான். ஆர்க்கிட் விதைக்கு அந்தக் கட்டுச்சோறு கிடையாது. உள்ளே இருப்பது வேர் எது, தண்டு எது என்றுகூடப் பிரியாத சில செல்கள் மட்டுமே. மண்ணிலோ மரப்பட்டையிலோ ஏதாவதொரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் அது பிழைக்கும். கருவுற்ற பின் இந்தச் செல்கள் எந்த வரிசையில் பிரிகின்றன, உணவுத் திசு எந்தக் கட்டத்தில் வளராமல் நின்றுபோகிறது என்பதை இனம் இனமாகப் படம் வரைந்து காட்டும் சுவாமியின் ஆர்க்கிட் கருவியல் கட்டுரைகள் 1949-ல் அமெரிக்க இதழில் வெளியாயின. கண்ணும் கையும் சேர்ந்து பழகினால்தான் இந்த வேலை வரும். பிற்காலத்தில் தம் கன்னட நூல்களுக்குத் தாமே கோட்டோவியம் வரைந்த கை அந்தப் பழக்கத்தில் தேறியதுதான்.

ஹார்வர்டில் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள, மரத்துக்குள் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது அதன் இழுப்பு கீழே வேர் வரைக்கும் எட்டுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டிருப்பதால் நூல்போல மேலே வருகின்றன. அந்த நீர்நூல் ஓடும் வழி, கட்டைக்குள் இருக்கும் இறந்த செல்கள். செல் செத்து, உள்ளிருந்ததெல்லாம் போய், சுவர் மட்டும் மிஞ்சிய வெற்றுக் கூடுகள் அவை. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இந்தக் கூடுகளுக்கு டிரக்கீடு என்று பெயர். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் நீளம், இரு முனையும் மூடியிருக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகிற நீர், பக்கச் சுவரில் உள்ள நுண்ணிய குழிகளின் சவ்வு வழியாகக் கசிந்துதான் போக வேண்டும். பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவை வேறு வழி கண்டன. செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் உள்ள குறுக்குச் சுவர்களைக் கரைத்துவிட்டன. மூங்கிலின் கணுவை உள்ளே குத்தி எடுத்தால் முழுக் கழியும் ஒரே குழாயாகிவிடுவதைப் போன்றது இது. இதைச் சைலக் குழாய் என்கிறோம். குழாயின் ஆரம் இருமடங்கானால் அதில் ஓடக்கூடிய நீர் பதினாறு மடங்காகும். இது இயற்பியல் கணக்கு. அகலமான, தடையில்லாத குழாய் கிடைத்த செடி நிறைய இலை விரிக்கலாம், வேகமாக வளரலாம்.

டிரக்கீடிலிருந்துதான் குழாய் வந்தது என்பதைப் பெய்லி ஏராளமான கட்டை மாதிரிகளை அளந்து நிறுவியிருந்தார். அப்படியானால் ஒரு கேள்வி எழும். குழாய் இல்லாத பூச்செடிகள் எங்காவது மிச்சமிருந்தால், அவை பூக்கும் தாவரங்களின் பழைய வடிவத்தைக் காட்டுமல்லவா? டார்வின் 1879-ல் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், பூக்கும் தாவரங்கள் புவி வரலாற்றில் திடீரென்று பெருகித் தோன்றியதைத் தமக்கு விளங்காத, மனத்தை வதைக்கும் புதிர் என்ற பொருளில் குறிப்பிட்டிருந்தார். அந்தப் புதிருக்குக் கட்டைக்குள் துப்புத் தேடுகிறவர்களாகப் பெய்லியும் சுவாமியும் இருந்தார்கள்.

1948-ல் அம்பொரெல்லா பற்றிய அவர்கள் கட்டுரை வெளியானது. அதன் கட்டையில் குழாய் இல்லை. அதுவரை அந்தச் செடியை மோனிமியேசி என்ற குடும்பத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். உள்ளே அறுத்துப் பார்த்தால் அந்தக் குடும்பத்தோடு அது பொருந்தவில்லை. அதே ஆண்டில் அம்பொரெல்லாவுக்குத் தனிக் குடும்பமே வகுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆஸ்ட்ரோபெய்லியா. 1950-ல் சர்காண்ட்ரா.

இந்த மூன்றில் சர்காண்ட்ரா நமக்கு நெருக்கமானது. தென்னிந்திய மலைக்காடுகளில், பெரிய மரங்களின் நிழலில், இடுப்பளவு உயரத்துக்கு வளரும் புதர். இலை விளிம்பில் பல் பல்லாக இருக்கும். அதன் பூவைப் போல் எளிய பூவைக் காண்பது அரிது. அதற்குப் புல்லியிதழ் கிடையாது, அல்லியிதழ் கிடையாது. ஒரு சூலகம், அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு மகரந்தத்தாள். அவ்வளவுதான் பூ! பூ என்றே அடையாளம் தெரியாமல் மிதித்துக்கொண்டு போய்விடலாம். அந்தச் செடியின் தண்டில் சைலக் குழாய் இல்லை என்பதைச் சுவாமியும் பெய்லியும் காட்டினார்கள். அதன் நெருங்கிய உறவான குளோராந்தஸ் செடியில் குழாய் இருக்கிறது, இதில் இல்லை. பின்னர், தென்னிந்தியாவில் கிடைத்த ஒரு சர்காண்ட்ரா இனத்தைச் சுவாமி புதிதாக விவரித்தபோது, அதற்குத் தம் ஆசிரியரின் முழுப் பெயரையும் சேர்த்து 'சர்காண்ட்ரா இர்விங்பெய்லியி' என்று பெயர் சூட்டினார். அவர் செலுத்திய குருதட்சிணை மேற்குத் தொடர்ச்சி மலையில் வேர்விட்டு நிற்கிறது.

அறிவியல் அங்கே நின்றுவிடவில்லை. 1987-ல் ஷெர்வின் கார்ல்குவிஸ்ட் என்ற அமெரிக்கத் தாவர உள்ளமைப்பியல் அறிஞர், சர்காண்ட்ராவின் வேர்க்கட்டையில் குழாய்கள் இருப்பதைக் கண்டார். தண்டைப் பார்த்துச் சொன்னதை வேர் திருத்தியது. சுவாமி மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைவிடப் பெரிய திருப்பம் அவருடைய இன்னொரு கட்டுரைக்கு நேர்ந்தது. பெய்லியும் சுவாமியும் 1951-ல் எழுதிய அந்தக் கட்டுரை, சூலக இலை எப்படி உருவானது என்பது பற்றியது. தாவரவியல் உலகம் பல பத்தாண்டுகள் அதை மேற்கோள் காட்டியது. அதன் கருத்தைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். ஒரு பட்டாணிக் காயை எடுத்து, நார் உரிக்கும் பக்கமாக, விதைகள் ஒட்டியிருக்கும் தையலோடு மெதுவாகப் பிளந்து விரியுங்கள். நடுவில் முதுகு நரம்பு, இரு பக்கமும் தோல், விளிம்புகளில் விதைகள். விதைகள் ஒன்று விட்டு ஒன்றாக, முதலாவது இந்த விளிம்பில், அடுத்தது அந்த விளிம்பில் என்று மாறி மாறி ஒட்டியிருக்கும். விரித்து வைத்த காய் ஒரு இலைபோலவே தெரியும். நடுநரம்போடு மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, உள்ளே விதைகளைப் பொத்தி வைத்த இலை.

பூக்கும் தாவரத்துக்கும் அதற்கு முந்தைய தாவரங்களுக்கும் உள்ள வேறுபாடே இப்படிப் பொத்தி வைப்பதுதான். பைன் மரத்தின் விதைகள் செதில்மேல் திறந்தபடி கிடக்கின்றன. பூக்கும் தாவரம் சூலை மூடிய அறைக்குள் வைக்கிறது. அந்த அறைதான் பின்னால் காயாகவும் கனியாகவும் மாறுகிறது. மாம்பழமும் தக்காளியும் முருங்கைக்காயும் நமக்குக் கிடைத்தது, ஏதோ ஒரு தொல்பழங்காலத்துச் செடி தன் சூலை மூடி வைத்ததால்தான். மூடல் எப்படித் தொடங்கியது? ஃபிஜித் தீவுகளில் வளரும் டெஜெனேரியா என்ற மரம் பெய்லி, சுவாமி இருவரையும் ஈர்த்தது. 1942-ல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமான மரம் அது. அதன் சூலக இலை நடுவே மடிந்திருக்கிறது, ஆனால் விளிம்புகள் முழுக்க ஒட்டவில்லை. பூக்கும் சமயத்தில் அந்த இடைவெளியை நெருக்கமான மயிர்கள் அடைத்து நிற்கின்றன. மகரந்தம் வந்து அந்த மயிர்களிலேயே ஒட்டிக்கொள்கிறது. தனியாக ஒரு சூலகமுடி கிடையாது. விளிம்பு முழுக்கவே சூலகமுடிதான். பாதி மூடிய கதவைப் பார்த்தால் அது மூடும் வழியும் தெரியுமல்லவா? மடிந்த இலை மெல்ல மெல்ல ஒட்டிப் பூட்டிக்கொண்டதே சூலகம் என்று இருவரும் வாதிட்டார்கள். எத்தனையோ பாடநூல்கள் அதையே சொல்லித் தந்தன.

பிறகு 1999 வந்தது. குலமரத்தின் அடியில் வந்து நின்றது டெஜெனேரியா அல்ல, அம்பொரெல்லா. அதன் சூலக இலை மடித்த இலைபோல இல்லை. தொடக்கத்திலிருந்தே கிண்ணம்போல வளர்ந்து, வாயை ஒரு சுரப்புநீரால் அடைத்துக்கொள்கிறது. அல்லிக் குடும்பத்தின் சில செடிகளிலும், ஆஸ்ட்ரோபெய்லியாவிலும் இந்தக் கிண்ண வடிவமே காணப்படுகிறது. ஆகவே மூதாதைப் பூவின் சூலகம் கிண்ணமாகத்தான் இருந்திருக்கும் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. மடிந்த இலை பின்னால் வந்தது. தம் கருத்தைத் திருத்தப்போகும் செடியைச் சுவாமி 1948-லேயே கையில் வைத்துப் பார்த்திருக்கிறார். அவர் வந்து சேர்ந்த முடிவு மாறிவிட்டது. ஆனால் அவரும் பெய்லியும் பதிவுசெய்த உள்ளமைப்பு விவரங்கள் அப்படியே நிற்கின்றன. மரபணு வரிசையைப் பார்த்தவர்கள் திரும்பி வந்து புரட்டியதும் அந்தப் பழைய கட்டுரைகளைத்தான். உண்மையாகப் பார்த்து வரைந்த படத்துக்கு இந்த ஆயுள் உண்டு. எனக்கு அவர்மேல் பெருமதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

அல்லியைச் சொன்னதால் தாமரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டும் ஒரே குளத்தில் பூப்பதால் உறவு என்று நினைக்கிறோம். நீண்ட காலம் தாவரவியலாரும் அப்படித்தான் வகைப்படுத்தினார்கள். மரபணு வேறு கதை சொன்னது. அல்லி, குலமரத்தின் அடியில் பிரிந்த மூத்த குடி. தாமரை பிற்காலத்துக் கிளையொன்றைச் சேர்ந்தது. அதன் உறவினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்டிருக்கும் சில்வர் ஓக் மரம். நீரில் வளரும் தாமரையும் மலைச்சரிவில் நெடிதுயர்ந்த சில்வர் ஓக்கும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்பதை இலையும் பூவும் மட்டும் பார்த்து யார் சொல்லியிருக்க முடியும்!

அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் 1950-களின் தொடக்கத்தில் சுவாமி சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கு நல்ல முன்னோர்கள் உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைத் தொகுத்து நூல் எழுதிய ஃபைசன் அங்கே பேராசிரியராக இருந்தவர். அந்த மரபுக்குச் சுவாமி வேறொன்றைச் சேர்த்தார். காட்டுக்கு மாணவர்களை அழைத்துப்போவது பாடத்திட்டத்தில் உள்ளதுதான். எல்லாக் கல்லூரிகளும் செய்கின்றன. திரும்பி வந்ததும் அறிக்கை எழுதி, காய்ந்த செடியை அட்டையில் ஒட்டி, மதிப்பெண் வாங்குவதோடு அது முடிந்துவிடும். சுவாமி அந்தப் பயணங்களை இலக்கியமாக்கினார். மாணவர்களின் குறும்பு, சோற்றுக்குப் படும் பாடு, மலையில் வழி தவறுவது, உள்ளூர்க்காரரின் பேச்சு எல்லாம் வரும். அதனூடே ஒரு செடி வரும். அதன் பெயர், அதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்ற சிக்கல், ஊர்க்காரர் அதைப் பற்றிச் சொல்லும் கதை, பழைய நூல்களில் அதன் தடம். பக்கத்தில் அவரே வரைந்த படம். படிக்கிறவருக்குப் பாடம் நடந்ததே தெரியாது. அத்தியாயம் முடியும்போது செடி மனத்தில் பதிந்திருக்கும்.

கல்லூரி உலகத்தை வைத்து எழுதிய 'காலேஜு ரங்க' நாவலைப் புட்டண்ண கணகால் 1976-ல் திரைப்படமாக எடுத்தார். அமெரிக்க அனுபவம் ஒரு நூலாயிற்று. போதை தரும் தாவரங்களுக்கென்று தனியாக ஒரு நூல் எழுதினார். இவற்றிலெல்லாம் எனக்குப் பிடித்த தலைப்பு 'நம்ம ஹொட்டெயல்லி தட்சிண அமெரிக்கா'. நம் வயிற்றுக்குள் தென்னமெரிக்கா!

அந்தத் தலைப்பு மிகையில்லை. மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். சாம்பாரில் தக்காளி, தாளிப்பில் வற்றல் மிளகாய், பொரியலில் உருளைக்கிழங்கு, சட்னியில் நிலக்கடலை, பாயசத்தில் முந்திரிப்பருப்பும் ஜவ்வரிசியும். இவற்றுள் ஒன்றுகூட ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் இல்லை. கொலம்பஸ் 1492-ல் கடல் தாண்டிய பிறகே இவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வெளியே வந்தன. உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலைக்காரர்களின் பயிர். ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளி அமேசான் பகுதியைச் சேர்ந்தது. முந்திரியைப் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று பண்ருட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு, முந்திரி இல்லாத செம்மண் நிலத்தைக் கற்பனை செய்யவே முடியாது.

இவற்றுள் நிலக்கடலை தாவரவியலாரை மயக்கும் செடி. பூப்பது தரைக்கு மேலே, காய்ப்பது தரைக்குக் கீழே. காலையில் மஞ்சள் பூ மலர்ந்து, கருவுற்று, வாடிவிடும். பிறகு அந்தப் பூவின் அடியிலிருந்து ஒரு காம்பு நீளத் தொடங்கும். நம் விவசாயிகள் அதை விழுது என்பார்கள். விழுதின் நுனியில்தான் கருவுற்ற சூல் இருக்கிறது. அது புவியீர்ப்பை உணர்ந்து நேரே கீழே இறங்கி, மண்ணைத் துளைத்து உள்ளே போய், இருட்டில் பக்கவாட்டில் திரும்பி, அதன்பின்தான் காயாகப் பருக்கத் தொடங்கும். மண் இறுகிக் கிடந்தால் விழுது இறங்காது. இறங்காத விழுதில் காய் பிடிக்காது. பூக்கும் பருவத்தில் களைகொத்தி மண் அணைப்பது அதற்காகத்தான். தன் பிள்ளையைத் தானே விதைத்துவிடும் செடி! பொலிவியா, வட அர்ஜென்டினா பக்கத்தில் இரண்டு காட்டுக் கடலை இனங்கள் கலந்து பிறந்தது இது. அந்தக் கலப்புச் செடிதான் இன்று விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் வயல் வயலாகக் கிடக்கிறது. பயிரின் வரலாற்றைப் பேசினால் கடலோடிகளும் வணிகமும் அடிமை முறையும் உழவும் எல்லாம் உள்ளே வந்துவிடும். சுவாமி அந்த வாசலைக் கன்னட வாசகனுக்குச் சமையலறை வழியாகவே திறந்துவிட்டார்.

தமிழருக்குக் கசக்கும் பக்கம் ஒன்றும் அவரிடம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சென்னை வாழ்க்கையை வைத்து 'தமிழு தலெகள நடுவெ' என்றொரு நூல் எழுதினார். தமிழ்த் தலைகளின் நடுவே என்று பொருள். கல்லூரி அரசியலும், தமிழின் தொன்மை பற்றி அன்று மேடைகளில் முழங்கிய கூற்றுகளும் அதில் கடும் கேலிக்கு உள்ளாகின்றன. கேலியோடு நிற்காமல் ஆய்விலும் இறங்கினார். சைவ சமயக் குரவர் நால்வரைப் பற்றிக் கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன என்று தேடி 1972-ல் வரலாற்று ஆய்விதழில் எழுதினார். தொல்காப்பியத்தின் காலத்தை மிகவும் பிற்காலத்துக்குத் தள்ளி ஒரு கட்டுரை எழுதினார். அவர் கொண்டுபோய் நிறுத்திய காலத்தைத் தமிழாய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. நூலின் காலத்தை மொழியின் வளர்ச்சியோடும், பின்வந்த நூல்கள் அதை எடுத்தாளும் விதத்தோடும் சேர்த்துத்தான் கணிக்க வேண்டும். கல்லில் பெயர் வராததால் மட்டும் ஒரு நூல் அன்று இல்லாமல் போய்விடாது. கட்டையில் குழாய் இருக்கிறதா இல்லையா என்று திட்டமாகச் சொல்லிவிடக்கூடிய துறையில் பழகிய மனம், இலக்கிய வரலாற்றிலும் அதே திட்டத்தை எதிர்பார்த்து வழுக்கியது என்பதே என் கணிப்பு. சர்காண்ட்ராவின் தண்டை வைத்துச் செடி முழுவதற்கும் தீர்ப்புச் சொன்னது போலத்தான் இதுவும். ஆயினும் 'ஆதாரம் எங்கே?' என்று அவர் கேட்ட கேள்வி நமக்குத் தேவையான கேள்விதான். அதற்குக் கோபத்தால் பதில் சொன்னவர்களைவிட, கல்வெட்டையும் சுவடியையும் கொண்டு பதில் சொன்னவர்களால்தான் தமிழாய்வு வளர்ந்தது.

ஓய்வுக்குப் பிறகு அவர் கர்நாடகம் திரும்பினார். 1980 நவம்பரில், 62 வயதில் காலமானார்.

அவர் தொட்ட வேலைகளில் தமிழில் உடனே எடுத்துச் செய்யத்தக்கது ஒன்று இருக்கிறது. கல்வெட்டுகளில் வரும் செடி, கொடி, மரங்களைத் தொகுத்து, இன்றைய தாவரவியல் பெயர்களோடு பொருத்தி, 'சாசனகளல்லி கிடமரகளு' என்ற நூலைக் கன்னடத்தில் எழுதினார் சுவாமி. தாவரம் தெரிந்தவருக்குக் கல்வெட்டுத் தெரியாது, கல்வெட்டுத் தெரிந்தவருக்குத் தாவரம் தெரியாது என்பதே பொதுநிலை. இரண்டும் தெரிந்த ஒருவர் அவர்.

இந்தியாவில் கிடைத்துள்ள கல்வெட்டுகளில் தமிழுக்கு மிகப் பெரிய பங்கு உண்டு. அவற்றில் தாவரங்கள் நிறைந்து கிடக்கின்றன. பல்லவர், சோழர் செப்பேடுகளைப் புரட்டினால், தானமாகக் கொடுத்த ஊரின் எல்லை இந்த மரத்துக்கு மேற்கு, அந்தப் புதருக்குத் தெற்கு என்று ஓடும். தமனகமும் இருவேலியும் செங்கழுநீரும் நட்டுக்கொள்ளும் உரிமையைப் பற்றிப் பேசும். குவளைக்கு விதித்த வரி வரும். தென்னையிலும் பனையிலும் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்ற கட்டளை வரும். கோயில்களில் நந்தவனத்துக்கும் வெற்றிலைக்கும் பாக்குக்கும் கொடுத்த நிவந்தங்கள் கல்லில் கிடக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கரையில் எந்த மரம் நின்றது, எந்தப் பூவுக்கு விலை இருந்தது, எது இன்று அந்த இடத்திலிருந்து மறைந்துவிட்டது என்பதையெல்லாம் ஊர் ஊராக, ஆண்டு ஆண்டாகச் சொல்லக்கூடிய பதிவு இது. காலமும் இடமும் குறித்த இத்தனை பெரிய தாவரப் பதிவு பல நாடுகளுக்கு வாய்க்கவில்லை.

தமிழ்நாட்டின் கல்லூரிகளில் தாவரவியல் துறைகள் எத்தனையோ இருக்கின்றன. கல்வெட்டியல் கற்பிக்கும் இடங்களும் இருக்கின்றன. தாவரவியல் ஆசிரியர் ஒருவரும் கல்வெட்டறிஞர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு தொடங்கினால் போதும். நான்கு எல்லை சொல்லும் செப்பேட்டை வாசித்துவிட்டு, அந்த ஊருக்கே போய், இன்று அங்கே என்ன நிற்கிறது என்று மாணவர்களோடு பார்த்து எழுதலாம். தமிழ் தெரிந்த தாவரவியல் மாணவர்களே, இந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. முன்மாதிரி நூல் பக்கத்து மொழியில் இருக்கிறது, அதை எழுதியவர் உங்கள் கல்லூரியொன்றில் பாடம் நடத்தியவர்.